முயலின் பின்னங்கால்கள்

எனக்கு வந்த நோயைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்கிறார்கள். தள்ளி நிற்கிறவர்களுக்குச் சத்தம் போட்டுப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போது கையில் நடுக்கம் இல்லை. பேனா பிடிக்க முடிகிறது. முடிகிறபோதே எழுதிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே போய்ப் பிழைத்து வந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் மனம் நோக வேண்டாம். டாக்டரின் பெயரையும் மாற்றி மாசிலாமணி என்று எழுதுகிறேன்.

எங்கள் சமஸ்தானத்தில் மகாராணியம்மாவின் ஆட்சி முடிந்து இளைய மகாராஜா பட்டத்துக்கு வந்த சமயம். மயிலாடியில் மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். என் புருஷன் தேவநேசன் அதே ஊரில் ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்களுக்கு எஸ்தர் என்று ஒரு பெண்குழந்தை, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். புருஷனைப் பெற்ற மாமியும் எங்களோடு இருந்தாள்.

முதலில் போனது சிவப்பு நிறம். ஒரு நாள் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான் போட்ட சிவப்பு மை பழைய செம்மண் கறை போலத் தெரிந்தது. மைக்கூட்டில் யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்து வகுப்பையே சத்தம் போட்டேன். கண்ணைக் கசக்கியபோதுதான் தெரிந்தது. வலது கண்ணால் பார்த்தால் நல்ல சிவப்பு. இடது கண்ணால் பார்த்தால் செம்மண். இரண்டொரு நாளில் அந்தக் கண்ணை உருட்டினாலே உள்ளே வலித்தது. நாகர்கோவிலுக்குப் போய்ச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பஸ் சுசீந்திரத்தில் நின்றது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தேன். அறுத்த வயலில் வைக்கோல் எரித்தால் எழும்புமே, அந்தப் புகைக்குள் கோபுரம் நின்றது. வயலில் அன்று ஒரு புகையும் இல்லை.

கண் தானாகவே தெளிந்தது. சொட்டு மருந்து பலித்ததென்று அந்த வைத்தியரும் நம்பினார், நானும் நம்பினேன்.

அடுத்தது கால். மயிலாடித் தெருவில் எங்கே பார்த்தாலும் கல் கொத்துகிறவர்கள், எங்கே கால் வைத்தாலும் கல்சில்லு. ஒரு நாள் வகுப்புக்குள் நுழைந்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் தரையைப் பார்த்துக் கத்தினார்கள். வாசலிலிருந்து மேஜைவரை ரத்தத்தில் என் காலடி பதிந்திருந்தது. உள்ளங்காலில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு ஏறியிருந்தது. எனக்கு எறும்பு ஊர்ந்தது போலக்கூட இல்லை. அதற்குப் பிறகு கழுத்து. கோயிலில் ஜெபத்துக்குத் தலை குனிந்தால் பிடரியிலிருந்து முதுகுவழியே கால்வரை ஒன்று பாயும். முழங்கையை ஓர் இடத்தில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஓடுமே, அது போல, ஆனால் உடம்பு முழுக்க. பயந்து நான் குனிவதையே விட்டேன்.

"ஜெபத்துக்குத் தல குனிஞ்சா என்னவாம்? அவ்வளவு பெரும என்னத்துக்கு?" என்றாள் மாமி.

ஒரு காலையில் எஸ்தரை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். வலது கால் என் சொல்லைக் கேட்கவில்லை. விழும்போது எப்படியோ குழந்தையை மேலே தூக்கிவிட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. என்னைத் தூக்கி உட்காரவைத்த என் புருஷனின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஏட்டி, இனி வெச்சுக்கிட்டு இருக்கப்பிடாது. ஆசுத்திரிக்குப் போவோம்" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பது ஒரு தனி உத்தியோகம். வயிறு வீங்கியவர்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள், காய்ச்சல் பிள்ளைகளைத் தோளில் போட்ட தாய்மார். யார் யாருக்கு என்ன என்று பார்த்ததும் தெரியும். என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "நீங்க ஆருக்குத் தொணையா வந்திய?" என்று பலர் கேட்டார்கள்.

டாக்டர் மாசிலாமணி நம் பக்கத்துக்காரர். சீமையில் படித்துவிட்டு வந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. வேகமான நடை, வேகமான பேச்சு. முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. ஒரு தடவை தட்டினால் பலதடவை துள்ளியது. பிறகு மேஜைச் சாவியை எடுத்து உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தார். பெருவிரல் மேல்நோக்கி வளைந்தது. "நல்ல உடம்பானால் விரல் கீழே மடங்கும்" என்றார். மறுபடி இழுத்தார். மறுபடி மேலே. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம். நான் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன்.

முதுகெலும்புகளுக்கு நடுவில் நீள ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்தார்கள். இறால் மாதிரிச் சுருண்டு படுக்கச் சொல்லுவார்கள். அசையக்கூடாது. நீர் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குழாயில் விழும். பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் போலத்தான் இருக்கும். அன்றைக்கும் மறுநாளும் தலையைத் தூக்க முடியாத வலி. ரத்தமும் எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். கூடாத சகவாசத்தால் வருகிற மேகநோய் உண்டா என்று பார்க்கவாம். நரம்பில் இப்படியெல்லாம் வந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். டாக்டர் என் புருஷனைத் தனியே கூப்பிட்டுச் சில கேள்விகள் கேட்டார். அவர் வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்த பிறகும் அந்தக் கேள்விகள் என்ன என்று அவர் என்னிடம் சொன்னதில்லை.

கடைசியில் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். நோய்க்கு ஒரு நீண்ட இங்கிலீஷ் பெயர்: டிஸ்ஸெமினேட்டட் ஸ்கிளிரோசிஸ். தந்திக் கம்பியில் சேதி ஒழுகிப் போகாமல் இருக்க மேலே ஓர் உறை உண்டல்லவா, அது போல மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்புகளுக்குக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. அந்த உறை அங்கங்கே அழிந்து தழும்பாகிவிடுகிறது. கண்ணுக்குப் போகும் கம்பியில் தழும்பு விழுந்தால் பார்வை மங்கும். காலுக்குப் போகும் கம்பியில் விழுந்தால் கால் கேட்காது. சில சமயம் தானாகச் சரியாகும். மறுபடி வரும். வேறு இடத்தில் வரும்.

"எதனால வருது?" என்று கேட்டேன்.

"அதுதான் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது" என்றார். "நம் தேசத்தில் இதைப் பார்த்தவர்களே இல்லை என்று சொல்லலாம். குளிர் தேசத்து வியாதி. உனக்கு எப்படி வந்தது பாக்கியம்?"

அவர் உண்மையாகவே என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்கு விடை தெரிந்திருக்கலாம் என்பது போல. அதற்குப் பிறகு சீமையில் சிலர் சொல்வதைச் சொன்னார். எந்த வடிகட்டியிலும் நிற்காத, அத்தனை சின்னக் கிருமி ஒன்று இருக்கலாம். அதற்கு வைரஸ் என்று பெயர். பேதி, காசநோய் இவற்றின் கிருமிகளைப் பூதக்கண்ணாடியில் காணலாம். இதைக் காண முடியாது. நோயாளியின் முதுகு நீரில் வளர்த்தால் மணல்போன்ற பொடிகள் தெரிவதாக அங்கே ஒருசிலர் சொல்கிறார்கள். அது உண்மையானால் தடுப்பு மருந்து செய்யலாம். நோயையே இல்லாமலாக்கலாம்.

என் முதுகு நீரில் அதைத் தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டார், நான் சம்மதித்தேன். யார்தான் சம்மதிக்க மாட்டார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், பழைய சாமான் அறை ஒன்றை வெள்ளையடித்து டாக்டர் தன் சோதனைக்கூடமாக்கியிருந்தார். கம்பிவலைப் பெட்டிகளில் முயல்கள். என் முதுகு நீரைச் சில முயல்களுக்கு ஊசியால் ஏற்றினார். மீதியை ஏதோ கஷாயத்தில் கலந்து சூடாக வைத்து வளர்த்தார். ஒரு நாள் என்னைத் தாங்கிப் பிடித்து அழைத்துப்போய்ப் பூதக்கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னார். "தெரிகிறதா? பொடிப்பொடியாக, உருண்டையாக?" எனக்குத் தெரிந்தது வட்டமான வெளிச்சமும் என் சொந்த இமைமயிரும்தான். தெரிகிறது என்று சொன்னேன். அவ்வளவு ஆசையாகக் கேட்கிறவரிடம் வேறு என்ன சொல்வது.

எஸ்தர் அப்போது என்னோடு வார்டில்தான் இருந்தாள். என் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டாள். நான் படுத்துக்கொண்டும் அவள் நின்றுகொண்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். எங்கள் இருவரில் அவளுக்குத்தான் கால்கள் நன்றாக இருந்தன.

அப்புறம் ஒரு முயல் விழுந்தது.

டாக்டரே வார்டுக்கு ஓடி வந்தார். என் புருஷனும் மாமியும் வந்திருந்த சனிக்கிழமை அது. எங்கள் எல்லாரையும் பின்பக்கம் அழைத்துப்போனார். பெட்டியைத் திறந்து முயலைத் தரையில் விட்டார். முன்னங்கால்களை ஊன்றி அது நகர்ந்தது. பின்னங்கால்கள் இரண்டும் நனைந்த துணி மாதிரி அதன் பின்னே இழுபட்டு வந்தன. சுவர் ஓரம் போய் நின்று எங்களைப் பார்த்தது. அதன் பக்கவாட்டு மயிர் படபடவென்று ஏறி இறங்கியது.

"பாக்கியம், பார். இது உன் நோய்" என்றார் டாக்டர். ஒரு மனிதனை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு கண்டதில்லை. என் கல்யாணத்தன்று என் புருஷன் முகத்தில்கூட அது இல்லை.

மாமி முயலைப் பார்க்கவில்லை. என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்திருந்தார்கள், என் மடியிலிருந்த எஸ்தரைப் பார்த்தாள். "டாக்டரே, ஒண்ணு கேக்கேன், தெளிச்சுச் சொல்லணும். இவளுக்க ஒடம்புல உள்ளது மொயலுக்குப் போச்சு இல்லியா? அப்பம் பிள்ளைக்கும் போவுமா, போவாதா?"

டாக்டர் யோசித்தார். அவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல, அதை நான் எழுதியாக வேண்டும். "போகாது என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். "ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. பால் கொடுப்பதை இன்றைக்கே நிறுத்துவது நல்லது."

மாமி கையை நீட்டினாள். நான் குழந்தையைக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அழுகையோ பிடியிழுப்போ ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். தீனக்காரி, அதாவது நோய்க்காரி, என்று தட்டும் தம்ளரும் தனி. துணி தனியே வேகவைக்க வேண்டும். எஸ்தரை மாமி, தேங்காய்ப்பட்டணத்துக்குத் தன் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த மகள், எனக்கு மதினி; அவளும் என்னை மைனி என்றுதான் கூப்பிடுவாள். அவள் புருஷன் கயிறு வியாபாரம். கல்யாணம் ஆகி வெகுகாலம் ஆகியும் மதினிக்குப் பிள்ளை இல்லை.

பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல் வந்தது. நர்ஸ் அன்னம்மாள் மாரைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினாள். வலி தாங்காதபோது பீய்ச்சிச் சட்டியில் எடுத்துக் கொட்டினாள். "மக்களே, கரையாத. அழுதா இன்னும் ஊறும்" என்பாள். டாக்டர் வந்து அந்தப் பாலிலும் கொஞ்சம் கேட்டார். அதையும் ஒரு முயலுக்குப் போட்டார். என் பால் கடைசியாக அங்கேதான் போனது.

வாரந்தவறாமல் என் புருஷன் வந்தார். வாசலில் நின்று பேச வேண்டும் என்பது உத்தரவு. முதல் தடவை வாசலில் நின்றார். இரண்டாம் தடவை உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, என் கால்களை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார். வலது காலில் எனக்கு அவர் கை தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஒங்களுக்கு ஒட்டீராதா?"

"எனக்கு ஒட்டுனா ஒட்டட்டும்" என்றார்.

"அப்பம் பிள்ளைய ஒரு தடவ கொண்டுவாங்க. தூரத்துல வெச்சுக் காட்டுங்க."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. "என்னய வெச்சு வெளையாடலாம்ட்டி. பிள்ளைய வெச்சு வெளையாட முடியாது" என்றார். அவரை நான் இதற்காக வெறுத்திருக்கிறேன். இதற்காக வெறுக்க முடியாமலும் இருந்திருக்கிறேன்.

சிகிச்சை என்று இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, அந்தக் கஷாயத்தில் வளர்த்ததாகச் சொன்ன சாரத்தைத் தோலுக்குள் ஊசியாகப் போட்டார்கள். மற்றது, காய்ச்சல் வைத்தியம். டைபாய்டு என்கிற சன்னிக் காய்ச்சலின் செத்த கிருமிகளை ஊசி போட்டு வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைப்பது. சூட்டில் நோய்க்கிருமி சாகும் என்பது கணக்கு. காய்ச்சல் ஏற ஏற தெளிந்திருந்த என் கண்ணிலும் வெளிச்சம் இறங்கியது. உச்சத்தில் எதிரே நிற்கிறவரின் முகம் தெரியாது, கால்கள் இரண்டும் கல். சூடு இறங்கியதும் பார்வை திரும்பும். ஒவ்வொரு தடவையும் "இந்தத் தடவை திரும்பாது" என்றே படுத்திருப்பேன். இந்த நோய்க்காரருக்குச் சூடு ஆகாது, வெந்நீர்க் குளியல்கூட ஆகாது என்பதை இப்போது நானே என் உடம்பில் கண்டுகொண்டேன். அன்றைக்கு நான் சொன்னபோது, "கிருமி போராடுகிறது, அதனால்தான்" என்று டாக்டர் சொன்னார்.

மழைக்காலம் ஒன்று முழுவதும், அதற்கடுத்த வெயில்காலமும் அந்த அறையில் போயின. ஊசிகள் நின்ற பிறகு கால் மெல்லக் கேட்க ஆரம்பித்தது. கட்டிலைப் பிடித்து நின்றேன். பிறகு ஜன்னல்வரை. பிறகு கம்பு ஊன்றி வராந்தாவரை.

ஒரு காலையில் டாக்டர் வந்து என் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சவரம் செய்யாத முகம்.

"ஒரு முயல் விழுந்தது" என்றார்.

"நல்லதுதானே ஐயா."

"அதற்கு நான் ஊசியே போடவில்லை. சந்தையிலிருந்து வாங்கி வந்தபடி இருந்தது."

எனக்கு அது சட்டென்று விளங்கவில்லை. அவரே சொன்னார். முயலைப் பிடிக்கும்போது அது மிரண்டு பின்காலால் உதைக்கும். இடுப்பைத் தாங்காமல் பிடித்தால், உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகும். செத்த முயலை அறுத்துப் பார்த்திருக்கிறார். எலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு, சாராயத்தில் ஊறவைத்திருந்த முதல் முயலின் முதுகை எடுத்துப் பிளந்து பார்த்திருக்கிறார். அதிலும் அதே இடத்தில் முறிவு. சீமையிலும் அந்தப் பொடிகளைக் கண்டதாகச் சொன்னவர்களுக்கு, எது நோயாளியின் நீர், எது மற்றவரின் நீர் என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோது, பிரித்துச் சொல்ல முடியவில்லையாம்.

"அப்பம் எனக்குள்ள கிருமி இல்லியா?"

"இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது என்று நான் காட்டவில்லை, அதைத்தான் சொல்கிறேன். என்றைக்கோ வந்துபோன ஏதோ ஒரு காய்ச்சலின் கிருமி இதைத் தொடங்கிவைத்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் உன்னைத் தொட்டவர்களுக்கு, உன் பாலைக் குடித்த பிள்ளைக்கு, இது வரும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை."

அந்த வித்தியாசம் அவருக்குப் பெரிதாக இருந்தது. இல்லை என்பதும், காட்டவில்லை என்பதும். ஒரு வருஷத்துக்கு மேலாக எனக்கு இல்லாமல் இருந்தது என் பிள்ளை. அதைக் காட்ட எனக்கு ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டியிருக்கவில்லை.

"எனக்கிட்ட சொன்னது போதாது" என்றேன். "ஒட்டும்ணு எல்லார் முன்னாலயும் சொன்னிய. ஒட்டாதுண்ணும் எல்லார் முன்னாலயும் வந்து சொல்லணும். நீங்களே வரணும்."

வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். தன் மோட்டார் வண்டியில் என்னையும் என் புருஷனையும் ஏற்றிக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்துக்கு ஓட்டினார். கயிறு திரிக்க ஊறப்போட்ட தேங்காய்த் தொண்டு அழுகும் வாடையும் மீன் காயும் வாடையும் வண்டிக்குள் வந்தன. எஸ்தர் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டே போனேன்.

மதினி வீட்டு முற்றத்தில் எஸ்தர் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். ஓடினாள்! நான் அவள் நடந்ததையே பார்த்ததில்லை. கம்போடு நான் இறங்கியதும் அவள் நின்றாள். கம்பைப் பார்த்தாள். பிறகு மதினியின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

டாக்டர் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். முயலின் முதுகெலும்பைச் சொன்னார். தான் தவறாக முடிவுகட்டியதைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வந்தவர்களுக்கு என்று மதினி இளநீர் வெட்டிவைத்திருந்தாள். என் தம்ளரில் நான் குடித்து வைத்த மீதியை டாக்டர் எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். அதை அவருக்காக நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

மாமி அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"டாக்டரே, நீங்க படிச்சவிய. அண்ணைக்கு ஒட்டும்ணு தோணிச்சு, இண்ணைக்கு ஒட்டாதுண்ணு தோணுது. நாளைக்கு என்ன தோணுமோ? ஒங்களுக்குத் தோணுகதுக்கெல்லாம் எங்க பிள்ளைய அங்கயும் இங்கயும் தூக்கிக் குடுத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

இத்தனை வருஷம் யோசித்தும் மாமியின் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. என்னைப் பார்க்காமல் மதினி சொன்னாள், "மைனி, ஒங்களுக்கு இன்னும் கம்பு வேணுமே. பிள்ளைக்கப் பின்னால ஓட முடியுமா? சுகமாவட்டும், பொறவு பாக்கலாம்." மெதுவாக, அன்பாகத்தான் சொன்னாள். அவள் கை பின்னால் போய்ப் பிள்ளையின் தலையைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பிடித்திருக்கிறேன்.

எஸ்தர் சேலைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டி மதினியிடம் கேட்டாள்: "அம்மே, இவிய ஆரு? தீனக்கார அம்மையா?"

நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் மாமியைப் பார்த்தார். பிறகு முற்றத்துத் தென்னையைப் பார்த்தார். வண்டியில் ஏறும்போது மெல்ல, "நீ நல்லா ஆவு. பொறவு நானே கொண்டு வாறேன்" என்றார். நான் முழுக்க நல்லபடி ஆகவே மாட்டேன் என்று டாக்டர் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். என் புருஷனுக்கு அது நினைவில்லாமல் இல்லை.

டாக்டர் அந்த வருஷமே வேறு மாகாணத்துக்கு மாறிப் போனார். முயல்பெட்டிகள் இருந்த அறை மறுபடி சாமான் அறையானது.

எனக்கு இன்னும் ஒரு தடவை வந்தது, இந்தத் தடவை கையில். போயிற்று. மறுபடி வரும். இடைவெளிகளில் வாழக் கற்றுக்கொண்டுவிட்டேன். இந்த நோய் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லக்கூடியது கொஞ்சந்தான்: வெயிலில் நடக்காதீர்கள், வெந்நீரில் குளிக்காதீர்கள், தரையைப் பார்த்துக் கால் வையுங்கள். காரணம் கண்டுவிட்டோம் என்று யாராவது சந்தோஷமாக ஓடி வந்தால், உங்கள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

போன வருஷம் மிஷனுக்கு எழுதிப்போட்டு, தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டேன். டாக்டர் போவதற்கு முன்பு எழுதிக் கொடுத்த சான்று மிஷனுக்குப் போதுமாக இருந்தது. அவர்கள் படித்தவர்கள், நம்பினார்கள். என் புருஷன் மயிலாடியில்தான் இருக்கிறார், விடுமுறைக்கு வருவார். நான் அங்கே வருவதை மதினி மறுக்கவில்லை. என் நோய்க் கதையைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை. பின்னால் பிள்ளையைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே.

பள்ளி திறந்த அன்று எஸ்தர் புதுப் பாவாடையோடு முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகளைப் போல என்னை டீச்சர் என்றாள். ஒவ்வொரு பிள்ளையாகக் கைப்பிடித்துச் சிலேட்டில் எழுதவைத்துக்கொண்டே வந்து, அவளிடம் வந்தேன். தரையில் அவள் பக்கத்தில் உட்கார எனக்கு நேரம் பிடித்தது. அவள் பொறுமையாக இருந்தாள். அவள் கையைப் பிடித்தேன். சின்ன, சூடான, வியர்த்த கை. என் வலது கையில் உணர்ச்சி முழுவதும் திரும்பியிருந்தது, அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இருவருமாக மெதுவாக 'அ' எழுதினோம். நன்றாக வந்தது. "நல்லா எழுதியிருக்கே" என்றேன்.

அவள் சிலேட்டைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, யாரோ சொல்லிக்கொடுத்திருந்தபடி, மறக்காமல், அந்தக் கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த பிள்ளை கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.